தகடு சொன்ன வருசம்

அத்தியாயம் 14

கனகலிங்கம் கையிலிருந்த தேத்தண்ணியைக் குடிக்காமலே முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஆடை படிந்து சுருங்கிவிட்டது. மகள் சுதாஜினி இரண்டு தரம் குசினி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். மூன்றாம் தரம் வந்தபோதும் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. உருத்திரபுரத்து அந்த வீட்டில் சில கேள்விகள் பதினைந்து வருசமாகக் கேட்கப்படாமலே பழகிவிட்டன.

எல்லாம் முதல் நாள் பின்னேரம் ஒரு படத்தில் தொடங்கியது.

சுதாஜினியின் கணவன் சுஜிதன் கிளிநொச்சி நகரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். அதோடு பழைய ஜப்பான் மின்கிற்றார்களைத் தேடிப் பிடித்து, அவற்றைச் சேர்த்து வைக்கிற கொழும்பு ஆள் ஒருவருக்கு வாங்கிக் கொடுப்பான். நேற்று பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் கண்டான். இரணைமடுப் பக்கம், பழைய கிற்றார், விற்பனைக்கு. மூன்று படங்கள். மூன்றாவது படத்தில் கிற்றாரின் பின்பக்கம். கழுத்தும் உடம்பும் சேருமிடத்தில் நாலு திருகாணி போட்டு இறுக்கிய சின்ன இரும்புத் தகடு. தகட்டில் ஓர் எழுத்தும் ஆறு இலக்கமும்.

அதைப் பெருப்பித்து மனைவிக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பின்னால் வந்து நின்ற கனகலிங்கம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஓமந்தைத் துண்டு இருந்தது.

சமாதான காலத்தில் அவருடைய மகன் பிரதீபன் தன் கிற்றாரோடு ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்து நிகழ்ச்சிகளுக்குப் போய்வர எடுத்த அனுமதித் துண்டு அது. போகும்போதும் வரும்போதும் சாமானின் இலக்கத்தைத் துண்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். துண்டில் இருந்த எழுத்தும் ஆறு இலக்கமும் போனில் இருந்தவையும் ஒன்று.

பிரதீபன் 2009 சித்திரையில் மாத்தளனில் சனத்துக்குள் காணாமல் போனவன். தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் என்று கானோடு போனான். அவ்வளவுதான்.

அவனுடைய தாய் நாகேஸ்வரி இருந்தவரை கிரியை என்ற சொல்லை யாரும் அந்த வீட்டுக்குள் கொண்டுவர முடியவில்லை. அவ போய் இரண்டு வருசமாகிறது. அதன் பிறகு ஆறு மாதமாகச் சுதாஜினிதான் தகப்பனோடு கதைத்துக் கதைத்து அவரைச் சம்மதிக்க வைத்தாள். செத்த நாள் தெரியாதவருக்கு அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொன்னார். வருகிற வியாழக்கிழமை அமாவாசை. கிரியைக்குக் கீரிமலைக் கடற்கரைக்குப் போக வான் பேசியாயிற்று. இன்று செவ்வாய்.

"நான் வரேல்ல," என்றார் கனகலிங்கம். "நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. அது அவன்ரயோ இல்லையோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. அவன்ர எண்டால், அதை வைச்சிருந்த ஆள் அவனைக் கண்டிருக்கும்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தேத்தண்ணியை வாழையடியில் ஊற்றினார்.

*

மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போகும்போது சுதாஜினி கணவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு போனாள். வவுனியாக்காரன். சண்டை முடிந்து மூன்று வருசம் கழித்து அவளைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்தவன். பிரதீபனை ஒரு நாளும் கண்டதில்லை. ஆனால் பிரதீபனின் கட்டிலில்தான் படுக்கிறான். பிரதீபன் நட்ட மாமரத்தில்தான் மோட்டார் சைக்கிளைச் சாத்துகிறான். சாப்பிட இருக்கும்போது கிழக்குச் சுவரோரக் கதிரை எப்போதும் வெறுமையாக இருக்கும். அதில் இருக்காதே என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அவனாகவே இருந்ததில்லை.

வியாழக்கிழமைக்குப் பிறகு அந்தக் கதிரை ஒரு சாதாரணக் கதிரையாகிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். தகப்பன் ஒரு முழு இரவு நித்திரை கொள்வார். அவன் வந்தால் என்று இத்தனை வருசமும் பூட்டாத வாசற்கதவை உள்ளே கொண்டி போட்டுப் பூட்டலாம்.

சுஜிதன் வழியில் பேசியதெல்லாம் கிற்றாரைப் பற்றித்தான். படத்தைப் பார்த்து எதையும் நம்பக்கூடாது என்றான். தலையில் எழுதியிருக்கிற பேரையும் நம்பக்கூடாதாம். ஜப்பானில் ஒரே தொழிற்சாலை ஒரே கிற்றாரைப் பத்துப் பேருக்குப் பத்துப் பேரில் செய்து கொடுத்த காலம் அது. தகட்டு இலக்கம் கொஞ்சம் நேர்மையானது. இந்தக் கொம்பனி எழுத்தில் மாதத்தை வைக்கும், முதல் இரண்டு இலக்கத்தில் வருசத்தை வைக்கும். அந்தத் தகட்டில் இருப்பது நாலாவது எழுத்து, பிறகு எழுபத்தெட்டு. எழுபத்தெட்டாம் ஆண்டு சித்திரை மாதம் செய்தது.

"அப்ப அது அண்ணாடதான்," என்றாள்.

"தகடு அவற்ற," என்றான் சுஜிதன். இரணைமடுச் சந்தியில் வேகத்தைக் குறைத்துத் திருப்பினான்.

*

குளத்துக்குக் கீழே வாய்க்கால் கரையோடு இருந்த வீடு. வீட்டுக்காரி சிவலட்சுமிக்கு அறுபது வயது இருக்கும். மலையகத்திலிருந்து எழுபத்தேழில் சிறுமியாக வந்தவளாம், பேச்சில் மட்டும் இன்னும் அந்த மலை இருந்தது. கணவன் மூக்கன் வேப்பமர நிழலில் குளத்து மீன்வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். காது மந்தம். வந்தவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வலையிலேயே கண்ணை வைத்துக்கொண்டான்.

விளம்பரம் போட்டது மகள் ராஜினி என்றாள் சிவலட்சுமி. நகரத்து ஆடைத் தொழிற்சாலையில் வேலை, அஞ்சரைக்குத்தான் விடுவார்கள். கூரை மாற்ற வேண்டும், சாமான்களைக் குறைக்க வேண்டும் என்று மகள் சொன்னாளாம். "எனக்கும் அது ஊட்டுல இருக்க வேணாம்," என்று சேர்த்துக்கொண்டாள். ஏன் என்று சொல்லவில்லை.

கிற்றாரைச் சீலையில் சுற்றிக் கொண்டுவந்தாள். கையில் பிடித்த விதம் சுதாஜினிக்கு ஏதோ செய்தது. சூடான சட்டியைப் பிடிக்கிறமாதிரி உடம்பில் படாமல் பிடித்திருந்தாள்.

சுஜிதன் உடனே தட்டிப் பார்க்கவில்லை. முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். தூக்கிப் பாரம் பார்த்தான். தலையில் பேர் இருந்த இடம் தேய்ந்து நிழல் மட்டும் மிச்சம். முறுக்காணிகளைச் சுற்றி வேறு பழைய துளை இருக்கிறதா என்று விரலால் தடவினான். இல்லை, முறுக்காணிகள் மாற்றவில்லை. குமிழ்கள் இருந்த மூடியைக் கழற்றி, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்து, ஈயம் வைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஈயம் மங்கிக் கிடந்தது, அதையும் யாரும் தொடவில்லை. மூலைகளில் செம்மண். குனிந்து மணந்தும் பார்த்தான்.

"கண் டாக்குத்தர் மாதிரி," என்றான் மூக்கன், வலையிலிருந்து தலை தூக்காமல். "உசிரு இருக்கா இல்லையா?"

யாரும் சிரிக்கவில்லை.

மண்ணுக்குள் இருந்ததா என்று சுஜிதன் கேட்டான். ஓம் என்றாள் சிவலட்சுமி. 2008 கடைசியில் சண்டைக்கு ஓடும்போது பொலித்தீனில் சுற்றி, நெல்லுக் கொட்டுகிற தகரப் பீப்பாவுக்குள் வைத்துக் கிணற்றடியில் தாட்டதாம். தையல் மெசினும் குத்துவிளக்கும் அதே குழியில். இந்தப் பக்கத்தில் எல்லா வளவிலும் அப்படி ஒரு குழி இருந்தது. திரும்பி வந்து கிண்டியபோது சிலருக்குச் சாமான் கிடைத்தது, சிலருக்குக் குழி மட்டும் கிடைத்தது.

சுஜிதன் தகட்டுக்கு வந்தான். இலக்கத்தை அவன் பார்க்கவில்லை, திருகாணிகளின் தலையைத்தான் பார்த்தான். நாலின் தலையும் தேய்ந்து வழுக்கியிருந்தன.

"கன தரம் கழற்றிப் பூட்டியிருக்கு," என்று மெல்லச் சொன்னான். "அம்மா, கழுத்தைக் கழற்றிப் பாக்கட்டோ? கேக்காமல் நான் திறக்கிறேல்ல."

"திறங்க தம்பி."

நரம்புகளைத் தளர்த்தி நாலு திருகாணியையும் கழற்றினான். கழுத்து கையோடு வந்தது. அதன் அடிக்கட்டையில் பென்சிலால் எழுதியிருந்தது: 57, புள்ளி, 11. உடம்பின் குழிக்குள்ளும் அதே 57 முத்திரை.

சுதாஜினி ஐம்பத்தேழாம் ஆண்டோ என்று கேட்டாள். சுஜிதன் தலையை அசைத்தான். ஜப்பான் வேலையாட்கள் தங்கட சக்கரவர்த்தியின் ஆண்டைத்தான் எழுதுவார்களாம், இருபத்தைந்தைக் கூட்ட வேண்டும். எண்பத்திரண்டு கார்த்திகை.

"தகடு எழுபத்தெட்டு எண்டுது. கழுத்தும் உடம்பும் எண்பத்திரண்டு எண்டுது," என்றான். "தகடு ஒரு கிற்றாரின்ர, சாமான் வேற கிற்றார்."

அவன் சிவலட்சுமியைப் பார்த்தான். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை, ஆனாலும் அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நாங்க ஒண்ணும் மாத்தலீங்க தம்பி. அது எம் மகன் வேலை. அனோஜன்."

பிறகு அவள் சொன்னது இதுதான். அனோஜனும் இன்னொரு பையனும் ஒரே இசைக்குழு. அந்தப் பையனிடம் கிற்றாரும் ஓமந்தைத் துண்டும் இருந்தன. அனோஜன் வவுனியாவில் ஒரு கிற்றார் வாங்கினான், அதற்குத் துண்டு இல்லை. துண்டு எடுக்கப் போனால் மாதக் கணக்கில் அலைய வேண்டும், வரியும் கேட்பார்கள். இரண்டு பேரும் யோசித்தார்கள். அந்தப் பையன் தன் கிற்றாரை வவுனியாவில் விட்டுவிட்டு, தகட்டை மட்டும் கழற்றி அனோஜனின் கிற்றாரில் பூட்டி, தன் துண்டைக் காட்டிக் கொண்டுவந்துவிட்டான். அடுத்த கிழமை தகட்டைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்த் தன்னுடையதையும் அதே துண்டில் எடுத்து வந்தான். அதன் பிறகு நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி, யார் போகிறார்களோ அவர் கிற்றாரில் அந்தத் தகடு போகும்.

"ஒரு துண்டுல ரெண்டு கிற்றாரு," என்றாள் சிவலட்சுமி. சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போயிற்று. "செக்கிங்ல நின்னவங்க ரெண்டு வருசமும் நம்பரைத்தான் பாத்தாங்க. கிற்றாரப் பாக்கல."

சுதாஜினி கதிரை ஒன்றில் போய் இருந்தாள். அப்போதுதான் தான் அவ்வளவு நேரமும் நின்றுகொண்டிருந்ததை உணர்ந்தாள். இது அண்ணாவின் கிற்றார் இல்லை. அண்ணாவின் கிற்றாரை வைத்திருந்த ஆள் என்று ஒருவர் இல்லை. பழைய களவு ஒன்றின் தகடு, அவ்வளவுதான். வியாழக்கிழமை வியாழக்கிழமையாகவே இருக்கும்.

நெஞ்சு இளகியது. இளகியதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

"அனோஜன் இப்ப எங்க?" என்று கேட்டாள்.

"அந்த ஒம்பதாம் வருசம் மாசி மாசம் போயிட்டான். தேவிபுரத்துல. நான்தான் கையால மண்ணு போட்டேன்." நாளைச் சொன்னாள், நேரத்தையும் சொன்னாள். அந்த நாளில் ஒவ்வொரு வருசமும் விளக்கு வைப்பதாகச் சொன்னாள்.

சுதாஜினிக்கு அந்தப் பெண்ணின் மேல் ஒரு பொறாமை எழுந்து அடங்கியது.

சுஜிதன் கழுத்தைத் திரும்பப் பூட்டுவதற்காகக் குழிக்குள் இருந்த தூசியைத் துணியால் துடைத்தான். துணி எதிலோ தடக்கியது. திருப்புளியின் நுனியால் கிளப்பி எடுத்தான். மடித்த அட்டைத் துண்டு. கழுத்துக் கொஞ்சம் சரிந்து நிற்க வேண்டும் என்றால் அடியில் இப்படி ஒன்றை வைப்பது வழக்கம்தான் என்றான். அதைத் தன் உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

சுதாஜினி வாங்கினாள். பார்ப்பதற்கு முதலே விரல்களுக்குத் தெரிந்துவிட்டது.

மெழுகு.

அட்டையை மூன்றாக மடித்து, இரண்டு பக்கமும் மெழுகுதிரி தேய்த்து வழுவழுப்பாக்கியிருந்தது. ஒரு மூலை கிழிக்கப்பட்டிருந்தது, அந்த மூலை தலைப்பக்கம் வரவேண்டும் என்பதற்காக. அவளுக்குப் பதினெட்டு வயதில், இந்த வேலைக்கென்று ஒரு மெழுகுதிரி வீட்டில் தனியாக இருந்தது. "தங்கச்சி, நல்லாத் தேய். ஈரம் குடிச்சால் கழுத்து எழும்பிடும்." அவள்தான் தேய்த்துக் கொடுப்பாள். மூலையை அவன் பல்லால் கிழிப்பான்.

அண்ணா இந்தக் கிற்றாரையும் திருத்தியிருக்கிறான். அதில் ஒன்றும் அதிசயமில்லை. கூட்டாளியின் கிற்றார். ஓடுவதற்கு முதல், ஏழாம் ஆண்டோ எட்டாம் ஆண்டோ, எப்போதோ வைத்தது.

அவள் மடிப்பை விரித்தாள்.

போனுக்குக் காசு போடுகிற ரீலோட் அட்டை. பச்சைக் கரை, சுரண்டிய வெள்ளிப் பட்டை. மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் அவளுடைய போட்டோக்கொப்பிக் கடையில் இந்த அட்டைகளைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு விற்றிருக்கிறாள். சண்டை முடிந்து கடை தொடங்கிய முதல் வருசம். அதற்கு முதல் இந்த அட்டை வன்னிக்குள் இல்லை. இருக்கவும் முடியாது. கீழே சின்ன எழுத்தில் செல்லுபடியாகும் கடைசி நாள் இருந்தது: 2012 மார்கழி 31.

அவள் அதை இரண்டாம் தரம் வாசித்தாள். பிறகு சுஜிதனிடம் கொடுத்தாள். அவனும் வாசித்தான். வேப்பமரத்தடியில் மூக்கன் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா," என்றான் சுஜிதன், "குழியைக் கிண்டி எடுத்த பிறகு இதை ஆரும் திருத்தினவையோ?"

சிவலட்சுமி கணவன் பக்கம் ஒருதரம் பார்த்தாள். அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தினாள்.

"எடுக்கறப்ப நரம்பெல்லாம் துருப்புடிச்சு அந்துபோயிருந்துச்சு. சொவத்துல சும்மா மாட்டி வச்சிருந்தேன். ரெண்டு வருசம் இருக்கும். ஒரு நாளு வயலுக்குப் போயிட்டு வாறேன், புது நரம்பு போட்டுருக்கு. தொட்டேன், சத்தம் வருது." நிறுத்தினாள். "எம் மகன் வந்துட்டுப் போனான்னு நெனச்சேன். யாருகிட்டயும் சொல்லல. இவருகிட்டயும் சொல்லல. அன்னிக்கே சீலையில சுத்திப் பரண்ல போட்டேன்."

வீட்டில் யாரும் இருக்கவில்லையா என்று கேட்டாள் சுதாஜினி.

"சின்னவ இருந்தா. ராஜினி. அப்ப ஏழு வயசு. யாரோ ஒரு மாமா வந்தாரு, தண்ணி வாங்கிக் குடிச்சாரு, உக்காந்து திருத்துனாரு, போயிட்டாருன்னா. எப்புடி இருந்தாருன்னு கேட்டா ஒரு தடவ தாடிங்கிறா, ஒரு தடவ இல்லங்கிறா. சின்னப் புள்ள. அவ கண்ணுக்கு அவன் தெரிஞ்சிருக்கான், எங்கண்ணுக்குத் தெரியலன்னு விட்டுட்டேன்." சுதாஜினியின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். "ஏம்மா? நீங்க யாரு?"

சுதாஜினி கணவனைப் பார்த்தாள். சுஜிதன்தான் சொன்னான்: அந்தத் துண்டுக்காரப் பையனின் தங்கச்சி.

சிவலட்சுமி கையை வாயில் வைத்துக்கொண்டாள். மகனின் ஆவிக்கு அவ்வளவு வருசமாகக் கொடுத்திருந்த இடத்தை அந்த நிமிசத்தில் அவள் இழந்துகொண்டிருந்தாள் என்று சுதாஜினிக்குப் பட்டது.

புறப்படும்போது அட்டையைக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்கள். சிவலட்சுமி தலையாட்டினாள். அதன் இடத்தில் சுஜிதன் தன் கடை அட்டை ஒன்றை மடித்து வைத்துக் கழுத்தைப் பூட்டினான். கிற்றாரை வாங்கவில்லை. மகள் போட்டிருக்கிற விலை குறைவு, எண்பத்திரண்டாம் ஆண்டுச் சாமான், பொறுத்து விற்கச் சொல்லுங்கோ என்று மட்டும் சொன்னான். ராஜினியின் நம்பரைச் சுதாஜினி போனில் பதிந்துகொண்டாள்.

*

குளக்கட்டில் சுஜிதன் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டினான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. தண்ணீர் கலிங்குவரை நிறைந்து, காற்றில்லாமல் கிடந்தது. இரண்டு பேரும் இறங்கி நின்றார்கள். ஒரு உழவு இயந்திரம் கடந்து போய், அதன் சத்தம் முழுவதும் தேய்ந்தது.

"மாமாட்டச் சொல்லத்தான் வேணும்," என்றான்.

"என்னத்தைச் சொல்லுறது?"

இசைக்குழுவில் ஆறு பேர் இருந்தார்கள் என்றாள். அண்ணாவிடம் எத்தனை பேர் இதைப் பழகியிருப்பார்கள். மெழுகு யாரும் தேய்க்கலாம், மூலையை யாரும் கிழிக்கலாம். சாமானைப் பற்றி நிச்சயமில்லாமல் ஒரு சொல் சொல்லாதவர் நீங்கள், ஒரு கடதாசித் துண்டை வைத்து ஆளைச் சொல்லுவீர்களா என்று கேட்டாள்.

"ஆளைச் சொல்ல மாட்டன். வருசத்தைச் சொல்லுவன்."

அவன் சொன்னது சரி என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சண்டை பிடிக்கிற ஆளாக இருந்திருந்தால் நல்லது. இந்த மனிசன் பன்னிரண்டு வருசமாக ஒரு இல்லாத ஆளோடு ஒரே வீட்டில் இருந்து, வியாழக்கிழமைதான் முதன்முதலாக அந்த வீட்டின் மருமகனாகப் போகிறவன். அவன்தான் சொல்ல வேணும் என்கிறான்.

"பன்னிரண்டில நாங்கள் இஞ்சதான் இருந்தனாங்கள்," என்றாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "தறப்பாள் கொட்டில், அதே காணி. அம்மா பஸ் வாற நேரமெல்லாம் றோட்டில நிண்டவ. இரணைமடுவுக்கு வந்து நரம்பு மாத்தின ஆளுக்கு, உருத்திரபுரம் எத்தினை மைல்?"

அவன் கட்டில் கிடந்த கல்லொன்றைக் காலால் தள்ளினான்.

"செத்த ஆளுக்குக் கிரியை செய்யலாம். வராமல் விட்ட ஆளுக்கு என்ன செய்யிறது?"

கொக்கு ஒன்று கலிங்குப் பக்கத்திலிருந்து எழும்பி, குளத்தின் குறுக்கே மிக மெதுவாகப் பறந்து போயிற்று. அது மறுகரையில் இறங்கியது. பிறகு சுஜிதன் சொன்னான், நான் வாயைத் திறக்கமாட்டன், நீ சொல்லுறதுதான். ஆனால் மாமா என்னட்டக் கேட்டால் பொய் சொல்லமாட்டன்.

*

கனகலிங்கம் படலையடியில் நின்றார். குளித்துத் திருநீறு பூசியிருந்தார். வெயில் சரிகிற நேரம்.

"அதே இலக்கம்தான் அப்பா," என்றாள் சுதாஜினி. "ஆனால் கிற்றார் அண்ணாட இல்லை."

தகட்டுக் களவைச் சொன்னாள். ஒரு துண்டு, இரண்டு கிற்றார், காற்சட்டைப் பைக்குள் தகடு. சொல்லச் சொல்லத் தகப்பனின் முகம் மாறியது. கடைசியில் சிரித்தார். அவர் சிரித்து அவள் கண்டு எவ்வளவு காலம். "கள்ளன்," என்றார். "என்னட்டயே சொல்லேல்ல, கள்ளப்பெடியன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அனோஜன் செத்துப்போனதைக் கேட்டுத் தலையைக் குனிந்து நின்றார். தாய்க்கு நாள் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள்.

"நல்லது," என்றார்.

வாழையிலை எத்தனை தேவை, வானுக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னது என்று இரண்டொன்று கேட்டார். முடிந்துவிட்டது என்று நினைத்தாள் சுதாஜினி. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை, கிற்றார் அண்ணாவின் இல்லைத்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். குசினிப் பக்கம் திரும்பினாள்.

"தம்பி," என்றார் கனகலிங்கம், மருமகனைப் பார்த்து. "கழுத்தைத் திறந்தனீங்களோ?"

"ஓம் மாமா."

"எந்த வருசத்துச் சாமான்?"

"எண்பத்திரண்டு."

"அது செய்த வருசம்." வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்ப் பம்புகளைத் திறந்து பூட்டிய மனிதர் அவர். வாங்கிய பம்பு எந்த வருசம் செய்தது என்று அவர் கவலைப்பட்டதில்லை. முந்தின ஆள் எப்போது திறந்தான் என்றுதான் பார்ப்பார். "கடைசியா எப்ப திறந்து பூட்டியிருக்கு?"

சுஜிதன் ஒன்றும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. மனைவியைப் பார்த்தான்.

வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம், பக்கத்து வளவில் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம். கனகலிங்கம் அவசரப்படவில்லை. அவருக்குக் காத்திருந்து பழக்கம்.

"பன்னிரண்டில எண்டு நினைக்கிறன் அப்பா," என்றாள் சுதாஜினி.

"அட்டை வைச்சிருந்ததோ?"

"ஓம்."

"மூலை கிழிச்சோ?"

அவருக்கும் தெரியும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. கைப்பையைத் திறந்து எடுத்து அவர் கையில் வைத்தாள். கண்ணாடி இல்லாமல் அவரால் எழுத்தை வாசிக்க முடியாது. வாசிக்க முயலவும் இல்லை. பெருவிரலால் மெழுகை ஒருதரம் தடவினார், கிழிந்த மூலையைத் தடவினார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இது யாரும் செய்திருக்கலாம் அப்பா என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அவர் அதற்குள் போனை எடுத்து ஐயரை அழைத்துவிட்டார்.

"ஐயா, உருத்திரபுரம் கனகலிங்கம் கதைக்கிறன். வியாழக்கிழமை வரவேண்டாம்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. "இல்லை ஐயா, வேற நாள் பாக்கவும் வேண்டாம்." மீண்டும் ஏதோ கேட்டது. அவர் நிமிர்ந்து நின்றார். "ஆள் இருக்கிறார்."

போனை வைத்துவிட்டு உள்ளே போனார். அப்பா சொன்னது பொய் என்று சொல்ல அவளால் முடியவில்லை, மெய் என்று சொல்லவும் முடியவில்லை. சுஜிதன் படலையை மெல்லச் சாத்தினான். கொண்டியைக் கொழுவவில்லை.

நேரம் ஐந்து இருபது. இன்னும் பத்து நிமிசத்தில் தொழிற்சாலை விடும். அந்த ஆளைக் கண்ணால் கண்ட ராஜினியைப் பற்றிச் சுதாஜினி தகப்பனுக்கு இன்னும் சொல்லவில்லை.